ரேகை விழாவிட்டால் யாரிடம் முறையிடுவது?

ரேஷன் கருவி, வாசல் கேமரா, வேலைத்தளச் செயலி: கொத்தமங்கலத்துத் தெருவுக்கு வந்துவிட்ட தகவல் தொழில்நுட்ப அறக் கேள்விகள்

"கட்டை விரலை வைங்க ஆத்தா."

வைக்கிறார். கருவி 'பீப்' என்கிறது. விழவில்லை.

"அழுத்தி வைங்க... அந்தக் கை வேண்டாம், இந்தக் கை."

முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். விழவில்லை. விரலை நெற்றியில் தேய்த்துக்கொண்டு வைத்தால் விழும் என்று வரிசையில் நிற்கும் ஒருவர் யோசனை சொல்கிறார். அதையும் செய்து பார்க்கிறார். நாற்பது வருடம் பாத்திரம் துலக்கி, சாணம் தெளித்து, வாசல் கூட்டிய கை அது. ரேகை இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது.

"கார்டுல வேற யாரு இருக்கா?"

"மகன் இருக்கான் தம்பி. திருப்பூர்ல."

"அப்ப ஓ.டி.பி. போட்டுருவோம். எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?"

"போனும் அவன்கிட்டதான்."

திருப்பூருக்குப் பேசி, மகன் பனியன் கம்பெனியில் ஷிப்டிலிருந்து வெளியே வந்து, வந்த எண்ணைச் சொல்லி, அது காலாவதியாகி, இன்னொரு எண் வரவழைத்து... கடைசியில் அரிசி கிடைத்துவிடுகிறது. கடைக்காரத் தம்பி நல்ல மனிதர், பொறுமையாகவே நடந்துகொண்டார். ஆனாலும் பாதி நாள் போய்விட்டது. வேலைக்குப் போகும் வீட்டில் தாமதம்.

தமிழ்நாட்டின் எந்த ரேஷன் கடையிலும் பழகிப்போன காட்சி இது. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டு ஊரான கொத்தமங்கலமும் விலக்கல்ல. இதே ஆத்தா வேலைக்குப் போகும் நகரத்தார் வீட்டு முகப்பில் ஒரு கேமரா இருக்கும். வயதான ஆச்சி தனியாக இருக்கிறார் என்று சிங்கப்பூரிலிருக்கும் மகன் மாட்டியது. ஆத்தா எத்தனை மணிக்கு வந்தார், வளவு முற்றத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அந்தச் சிங்கப்பூர் மகனின் போனுக்குப் போகும். படம் பிடிக்கலாமா என்று ஆத்தாவிடம் எவரும் கேட்டதில்லை.

காலையில் தன் அடையாளத்தை ஒரு கருவியிடம் நிரூபிக்க முடியாமல் நின்றவர், பகலில் தன்னைக் கேட்காமலே இன்னொரு கருவிக்குள் பதிவாகிறார். தகவல் தொழில்நுட்ப அறம் என்று கல்லூரிகளில் பாடமாக வைத்திருப்பது இந்த இரண்டையும்தான்.

நாற்பது ஆண்டுக் கேள்விகள்

கணினி மனிதருக்கு என்ன செய்யும் என்ற கவலை கணினியோடு சேர்ந்தே பிறந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1950இலேயே அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1986இல் ரிச்சர்ட் மேசன் என்ற பேராசிரியர் இந்தக் கவலைகளை நான்காக வகுத்தார். என்னைப் பற்றிய எந்தத் தகவலை நான் வெளியே சொல்லாமல் வைத்திருக்கலாம் என்பது அந்தரங்கம். பதிவான தகவல் சரியா, தவறென்றால் யார் பொறுப்பு என்பது துல்லியம். தகவல் யாருடைய சொத்து என்பது உடைமை. யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்பது அணுகல். ஒப்புதல், பாகுபாடு, பொறுப்பேற்பு என்று பின்னால் வந்தவை பெரும்பாலும் இவற்றிலிருந்து கிளைத்தவையே.

மேசன் எழுதியபோது கணினி அலுவலகத்துக்குள் இருந்தது. இப்போது அரிசிக்கும் கூலிக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

ரேகையும் அரிசியும்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டை 2017இல் ஸ்மார்ட் கார்டாக மாறியது. 2020 அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தோடு சேர்ந்து, விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. வாங்காத பொருளை வாங்கியதாகக் கணக்கெழுதுவது இதனால் கடினமாகியிருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஏழையின் அரிசி வேறு வழியில் போகாமல் தடுப்பதும் அறம்தான்.

ஆனால் ரேகைக் கருவி "இவர் இன்னார்" என்று முடிவாகச் சொல்வதில்லை. பதிவிலுள்ள ரேகையும் இப்போது வைத்த ரேகையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். அந்த மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஆம்', தாண்டாவிட்டால் 'இல்லை'. எல்லையைத் தளர்த்தினால் ஆள்மாறாட்டம் நுழையும், இறுக்கினால் உண்மையான ஆளே வெளியே நிற்பார். இரண்டு தவறும் அறவே நேராத கருவி உலகில் எங்கும் இல்லை. எந்தத் தவறை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். வயதாகத் தோல் உலர்ந்து ரேகை மங்கும். சுண்ணாம்பு, சிமென்ட், சோப்பு, மண்வெட்டிக் காம்பு எல்லாம் அதைத் தேய்க்கும். ஆக, யாருக்கு அந்த அரிசி மிகவும் தேவையோ அவருடைய விரல்தான் கருவிக்கு விளங்குவதில்லை.

ஆதார் இணைப்பு இல்லாததாலும் வெளியே நின்றவர்கள் உண்டு. ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்குமுன் நீக்கப்பட்டிருந்தது. பட்டினிச் சாவு என்றார்கள் குடும்பத்தினர். நோய் என்றது அரசுத் தரப்பு. அட்டை நீக்கப்பட்டதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை.

ஓராண்டு கழித்து, 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியுள்ளவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், மனிதரின் கண்ணியமும் உரிமையும் ஒரு நிகழ்தகவுக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது என்று எழுதினார். சட்டமாக நிற்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ரேஷன் கடை வரிசையில் நின்று பார்த்தால் சந்திரசூட் சொன்னது எவ்வளவு சரி என்று புரியும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கருவிழிப் பதிவு, ஓ.டி.பி., முதியவருக்குப் பதிலாக இன்னொருவர் வாங்கிவர அனுமதிக்கும் படிவம் ஆகியவை நடைமுறையில் உண்டு. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வரத் தொடங்கியது. இது பாராட்ட வேண்டிய திருத்தம். கருவியை நோக்கி மனிதரை வரச் சொன்ன முறையை இது திருப்பிப் போட்டது. ஆனால் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ரேகை தேய்ந்துபோன கூலிக்காரர் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார். 'இந்த வழியெல்லாம் இருக்கிறது' என்ற பலகை எத்தனை கடை வாசலில் கண்ணில் படுகிறது?

நூறு நாள் வேலையிலும் இதே கதை. என்.எம்.எம்.எஸ். என்ற செயலியில் தினமும் இரண்டு தடவை வேலைத்தளத்தில் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லா இடங்களிலும் கட்டாயமானது. போலி வருகைப் பதிவை ஒழிப்பது நோக்கம். சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால், மண் சுமந்தவரின் கூலி கேள்விக்குறியானது. சரி, போலியாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, நேரில் எடுக்காமல் ஏற்கெனவே எடுத்த படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டது. அமைச்சகம் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? ஏறும் படங்களை ஊராட்சி அளவில் ஆட்களே பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஏமாற்றத் தெரிந்தவர் செயலியையும் ஏமாற்றிவிட்டார், நேர்மையாக வேலை செய்தவருக்குத்தான் கூடுதல் சுமை.

> கணினி சொன்னால் உண்மையா?
>
> பிரிட்டன் அஞ்சல் துறையில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளை ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்தது. 1999 முதல் அது ஊர் அஞ்சலகங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. பிழை மென்பொருளில் இருந்தது. பழி அஞ்சலகம் நடத்தியவர்கள் மேல் விழுந்தது. 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலக நடத்துநர் இருபது ஆண்டுக்கு மேல் போராடினார். 2024 மே மாதம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நாடாளுமன்றம் ரத்து செய்தது. கணினி ஒழுங்காகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றங்கள் முன்கூட்டியே நம்பியது இந்த அநியாயத்துக்குப் பெரிய காரணம்.

முகப்பில் ஒரு கண்

செட்டிநாட்டு வீட்டுக்குக் கேமரா ஏன் தேவைப்படுகிறது என்பது ஊரைப் பார்த்தாலே தெரியும். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. சொந்தக்காரர்கள் சென்னையில், மலேசியாவில், அமெரிக்காவில். கல்யாணம், படைப்பு என்றால் வீடு திறக்கும், மற்ற நாளில் பூட்டு. சில வீடுகள், கொத்தமங்கலத்து சாரதா விலாஸ் போல, பழமை மாறாமல் தங்கும் விடுதியாகியிருக்கின்றன. மற்றவற்றுக்கு ஒரு காவல்காரர் அல்லது தனியாக இருக்கும் ஓர் ஆச்சி. நிலைக்கதவையே பெயர்த்து விற்றுவிடும் காலத்தில், பயம் நியாயமானது.

இதில் பலருக்குத் தெரியாத சட்ட நிலை ஒன்று உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தனிமனிதர் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தகவல் சேகரிப்பதைத் தொடுவதில்லை. வாசலில் மாட்டிய கேமரா அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. எனவே வேலைக்காரரிடம் ஒப்புதல் வாங்கச் சொல்லி இந்தச் சட்டம் உங்களைக் கேட்காது. சட்டம் கேட்காத இடத்தில்தான் அறம் கேட்கிறது.

ஒப்புதல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் எழுதாமல் காரியம் நிறைவடையாது. இரு வீட்டாரின் சம்மதத்தையும் எழுத்தில் பதிந்து மாற்றிக்கொள்வார்கள். முன்பு ஓலையில் எழுதினார்கள், பின்னர் காகிதத்தில். ஊர்க் கோயில் கணக்கில் குடும்பங்களைப் 'புள்ளி' என்று எண்ணி வரி வைப்பதும் உண்டு. எந்தத் தகவல், எதற்காக, யார் கையில் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இரு வீட்டாரின் சம்மதத்தை எழுதி வாங்கிய சமூகத்தில், தன் வீட்டில் உழைப்பவரிடம் "இங்கே கேமரா இருக்கு, இது இன்னதுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வது பெரிய காரியமில்லை.

திருடனைப் பிடிக்க மாட்டிய கேமராவில் வேலைக்காரர் களைப்பாறும் நேரத்தைக் கணக்கெடுப்பது தவறு. ஒரு நோக்கத்துக்கு எடுத்த தகவலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாமலிருப்பதை 'நோக்க வரம்பு' என்கிறார்கள். கேமரா வாசலையும் சுற்றுச் சுவரையும் பார்க்கட்டும். அடுப்படியையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் எதிர்வீட்டுத் திண்ணையையும் பார்க்க வேண்டாம்.

கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது இன்னொரு ஆபத்து. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் 2025 பிப்ரவரியில் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. எளிதில் யூகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாக உள்ளே புகுந்தது விசாரணையில் தெரிந்தது. அந்தப் பெண்கள் யாரும் கேமராவுக்குச் சம்மதம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கசிந்தால் யாருக்கு நஷ்டம்?

2021இல், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் உலவுவதாகப் பெங்களூரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. பெயர், முகவரி, குடும்ப விவரம், ஆதார் எண் எல்லாம். 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாள் புகுந்தார். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பறிபோனதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லை மாற்றலாம். முகத்தை மாற்ற முடியுமா?

இப்படிக் கசியும் விவரம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை முதியவர்களுக்கு வரும் வீடியோ அழைப்புகளில் பார்க்கலாம். "உங்கள் பெயர் இன்னது, ஆதார் எண் இன்னது, உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று காக்கிச் சட்டைக்காரர் திரையில் மிரட்டுவார். எண் சரியாக இருப்பதால்தான் ஆச்சி நம்பிவிடுகிறார். பெரிய வீட்டில் தனியாக, பிள்ளைகள் வேறு நாட்டு நேரத்தில். மோசடிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். 2025 டிசம்பர் 1 அன்று இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

இனி, முன்பு சொன்ன 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய குறை. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவலையும் சேமிப்பையும் இழந்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. கவனமின்றித் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இதுவரை வழி வைத்திருந்தது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவும் நீங்கிவிடும். அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கவும் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. ஏழையின் தகவலை அதிகம் வைத்திருப்பது அரசுதான் எனும்போது, இந்த விலக்கு யாரைக் காக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதைப் பெற்றுத் தந்தவர் ஒரு முதியவர்தான். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 2012இல் ஆதாரை எதிர்த்து மனுப் போட்டபோது 86 வயது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்த உரிமையை உறுதிசெய்து தீர்ப்பளித்தார்கள். 98 வயதில், 2024இல், அவர் மறைந்தார். அவர் வாங்கித் தந்த உரிமைக்குப் பொருத்தமானதல்ல இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

> புதிய சட்டம் உங்களுக்குத் தருவது
>
> விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். அப்போது முதல், உங்கள் தகவலைக் கேட்கும் நிறுவனம் எதற்காகக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். அதைத் தமிழில் படிக்கும் வசதியும் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். உங்கள் காலத்துக்குப் பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். தகவல் கசிந்தால் தாமதமின்றி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கறுப்பு முகமும் கண்டாங்கிச் சேலையும்

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் இயந்திரங்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெள்ளை ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. கறுத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. பழக்கிய படங்களில் யார் அதிகமோ அவர்களைத்தான் இயந்திரம் நன்றாகக் கற்கும். வெயிலில் கறுத்த முகங்கள் நிறைந்த நம் ஊர்களில், முகத்தை வைத்து உதவி வழங்கும் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

அதற்கான அளவுகோல் நம்மிடமே உண்டு. 2020இல் தமிழ்நாடு அரசு செயற்கை நுண்ணறிவுக்கு ஓர் அறக் கொள்கையை வெளியிட்டது. ஒரு மென்பொருளை மக்களிடம் கொண்டுவருமுன் பாகுபாடு, அந்தரங்கம், தணிக்கை, டிஜிட்டல் இடைவெளி எனப் பல கோணங்களில் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் 'டீப்-மேக்ஸ்' முறை அதில் இருக்கிறது. நல்ல ஆவணம். எந்தத் திட்டம் எத்தனை மதிப்பெண் பெற்றது என்பதை மக்கள் பார்வைக்கு வைத்தால்தான் அதற்கு உயிர்.

மேசன் வகுத்த நான்கில் உடைமை பற்றியும் ஒரு சொல். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கட்டத்தையும் கரையையும் ஆயிரம் படங்களிலிருந்து கற்று, நொடியில் 'செட்டிநாட்டு டிசைன்' வரைந்து தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. தறியில் உட்கார்ந்தவருக்கு அதில் பங்கு உண்டா என்பதற்குக் குறியீட்டுச் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. நெசவாளர் கூட்டுறவுகள் இதை இப்போதே எழுப்ப வேண்டும்.

உடனே செய்யக்கூடியவை

ஆதார் நகல் கேட்கும் விடுதியிலோ கடையிலோ, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். வாசல் கேமராவின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். தனியாக இருக்கும் பெற்றோரின் போனில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைப் பதிந்து வையுங்கள். பணம் போய்விட்டால் எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணை அழைக்கிறோமோ, அவ்வளவுக்கு அதை மடக்கி நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

ரேகை விழாதவருக்காகத் தனியாக யாரும் பேசப் போவதில்லை, ஊர்தான் பேச வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊரில் ரேகை விழாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கான மாற்று வழிகளைக் கடை வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களா? கருவி மறுத்தால் அன்றைக்கே முடிவெடுக்கும் அதிகாரி யார், அவர் எண் என்ன? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.